குழாயைத் திருப்பக் கூடாது

1. புள்ளி எங்கே போச்சு?

முப்பத்தெட்டு வயதில் பரீட்சை எழுதப் போன என்னை, ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். பரீட்சை எழுதினேன் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். வெல்டர் பரீட்சையில் பேனாவுக்குப் பெரிய வேலை கிடையாது. இரண்டு துண்டு இரும்புக் குழாயை வாய்க்கு வாய் வைத்து, ஒரு ஸ்டாண்டில் சாய்வாக கிளாம்ப் போட்டு நிறுத்தியிருப்பார்கள். சுற்றிவரப் பற்றவைத்து அதை ஒரே குழாயாக்கிக் கொடுக்க வேண்டும். பாய்லர், நீராவி லைன் போன்ற ஹை பிரஷர் வேலைக்குப் போக வேண்டுமானால் இந்தப் பரீட்சையில் தேறியாக வேண்டும்.

விதி ஒன்றுதான் முக்கியம். குழாய் அசையக் கூடாது. மேலே, பக்கத்தில், அடியில் என்று நாம்தான் குனிந்தும் நிமிர்ந்தும் மண்டியிட்டும் போட வேண்டும். அதற்காகவே இன்ஸ்பெக்டர் பன்ச் வைத்துக் குழாயின் உச்சியில் ஒரு புள்ளி அடித்துவிட்டுப் போவார். கடைசிவரை அந்தப் புள்ளி உச்சியிலேயே இருக்க வேண்டும்.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மூன்று மாதம் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் அடிப்பக்கம் போட ஆரம்பித்ததும் பொறி கழுத்துக்குள் விழுந்தது. கை கொஞ்சம் தடுமாறியது. அவ்வளவுதான், என் இடது கை என்னைக் கேட்காமலே கிளாம்ப் போல்டைத் தளர்த்தி, குழாயை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடியும் முடுக்கிவிட்டது. இப்போது அடிப்பக்கம் மேலே வந்துவிட்டதால் நான் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டே போனேன். அழகாக வருகிறதே என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டது வேறு.

இன்ஸ்பெக்டர் வந்து பின்னால் நின்றார்.

"ஏம்மா, நான் மேல வெச்ச புள்ளி எங்க போச்சு?"

தேடினேன். "அடியில இருக்குது சார்."

"எப்படிப் போச்சு?"

"நான்தான் திருப்பிட்டேன் சார்."

"எதுக்குத் திருப்பினே?"

"அடிப்பக்கம் போடணுமே சார், அதுக்குத்தான்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நாளைக்கு பிளான்ட்டுக்குப் போய் இதே மாதிரி அடிப்பக்கம் போடணும்னா என்ன பண்ணுவே? பாய்லரையே கவுத்துப் போடுவியா?"

பக்கத்து பூத்துகளில் பரீட்சைக்கு வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

2. பாஸ்கருடைய நம்பர்

என் பெயர் தேவகி. வீடு திருவொற்றியூரில், குடியிருப்பு பிளாட்டில். புருஷன் ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே. நான் இருபத்தாறு வயதில் மணலி ரோட்டில் இருக்கும் கோதண்டம் மேஸ்திரியின் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். கிரைண்டிங் பிடிப்பது, பற்றவைக்கிற ராடு எடுத்துக் கொடுப்பது, குழாயை ரோலரில் ஏற்றிச் சுற்றிவிடுவது இதெல்லாம் என் வேலை.

எங்கள் ஷெட்டில் குழாய் எப்போதும் ரோலர் மேல்தான் இருக்கும். வெல்டர் ஒரே இடத்தில் குந்தியிருப்பார், ஹெல்ப்பர் குழாயைச் சுற்றுவார். பரீட்சையில் என் கை செய்த காரியம் புரிகிறதல்லவா? அத்தனை வருஷம் சுற்றிய கை. சும்மா இருக்குமா?

வெல்டிங்கை நான் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். எங்கள் வெல்டர் பாஸ்கர் நல்ல மனுஷன், என் வயதுதான். டீ குடிக்கப் போகும்போது ராடு மாட்டிய ஹோல்டரை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். முதலில் ஸ்கிராப்பில் போட்டேன், அப்புறம் ஏணி, கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு. சில வருஷத்தில் குழாய் ஜாயிண்ட்டே போட ஆரம்பித்துவிட்டேன். பாஸ்கர் ஒன்று போட்டால் நான் ஒன்று.

வேலை பாதிப் பாதியாக நடந்தது, கூலி மட்டும் அப்படி இல்லை. வெல்டர் கூலியில் பாதியைக்கூட ஹெல்ப்பர் கூலி எட்டாது. கேட்கும்போதெல்லாம் கோதண்டம் மேஸ்திரி ஒரே பதில்தான் சொல்வார். பரீட்சையில் தேறின சர்டிபிகேட்டைத்தான் அவர் பேப்பர் என்பார்.

"உன்கைல பேப்பர் கீதாம்மா?"

"இல்ல மேஸ்திரி."

"அப்போ நீ ஹெல்ப்பர்தான். நான் இன்னா பண்றது? சட்டம் அப்டி கீது."

ஜாயிண்ட் போடுவதற்கு மட்டும் சட்டம் எங்கேயோ போய்விடும்.

கூலிகூடப் பரவாயில்லை, இன்னொன்றுதான் என்னைக் குத்தியது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஜாயிண்ட் போட்டு முடித்ததும் பக்கத்திலேயே பெயிண்ட் மார்க்கரால் அந்த நம்பரை எழுத வேண்டும். நாளைக்கு அது கசிந்தாலும் நம்பர் பேசும், நன்றாக இருந்தாலும் நம்பர் பேசும். எனக்கு நம்பர் கிடையாது. அதனால் நான் போட்ட ஜாயிண்ட்டுக்கெல்லாம் பாஸ்கருடைய நம்பரை எழுதினோம். அது தப்பு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஒருநாள் ஒரு கஸ்டமருடைய இன்ஜினியர் சரக்கைப் பார்க்க வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஒரு ஜாயிண்ட்டில் நின்றுவிட்டார். விரலால் தடவினார். "யாருங்க இந்த நம்பர்? நல்லா இருக்கே." கோதண்டம் மேஸ்திரி பாஸ்கரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். இன்ஜினியர் கை கொடுத்தார். பாஸ்கர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அது நான் போட்ட ஜாயிண்ட்.

சாயங்காலம் பாஸ்கர் பஜ்ஜி வாங்கி வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"தப்பா நெனச்சுக்காத தேவகி. அந்த ஆளு கைய குட்த்தப்போ எனக்கு உடம்பே கூசிப்போச்சு."

"உடு பாஸ்கரு. நீ இன்னா பண்ணுவ?"

"நீ பரீட்சைக்குப் போ. ஞாயித்துக்கெளம கிளாஸ் நடக்குது, ஒம்போதாவது படிச்சிருந்தா போதும். எவ்ளோ நாளைக்கு என் நம்பர சொமந்துகினு இருப்ப?"

பஜ்ஜி நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது பஜ்ஜி இல்லை. நான் போட்ட ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் என் நம்பர் இருக்க வேண்டும். அதற்கு உண்டான கூலி என் கையில் வர வேண்டும். அந்த ஆசையோடு போய்த்தான் குழாயைத் திருப்பிவிட்டு வந்தேன்.

3. பைப்பு சாமி

தோற்றுவிட்டு வந்த மறுநாள் ஷெட்டே என்னை "ரோலர் அக்கா" என்று கூப்பிட்டது. யார் சொல்லிப் பரவியது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் செய்தி ஆட்டோவைவிட வேகமாகப் போகும். அதுவும் ஏழுமலையின் ஆட்டோவில்தான் போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

மறுபரீட்சைக்குச் சில மாதம் இருந்தது. ஷெட்டில் பழகலாம் என்றால், அங்கே குழாய் நின்றால்தானே? ரோலரில்தான் வேலை ஓடுகிறது, எனக்காக மேஸ்திரி ரோலரை நிறுத்துவாரா? வீட்டிலேயே வெல்டிங் மெஷின் வைக்கலாம் என்றால் எங்கள் பிளாட்டின் ஃபியூஸ் கிரைண்டர் போட்டாலே போய்விடும். அதுவும் மாவு கிரைண்டர்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஊதுபத்தி வாங்கினேன்.

பிளம்பரிடம் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் வாங்கி, ஜன்னல் கம்பியில் சாய்வாக இறுக்கிக் கட்டினேன். நடுவில் மார்க்கரால் சுற்றிவர ஒரு கோடு போட்டேன். அதுதான் ஜாயிண்ட். ஊதுபத்திதான் ராடு. ராடு எரிய எரியக் குறைந்துகொண்டே வரும், கையை அதற்குத் தகுந்த மாதிரி நெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஊதுபத்தியும் அப்படித்தானே? அடியிலிருந்து ஆரம்பித்து, நுனி குழாயில் படாமலும் ரொம்ப விலகாமலும் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே ஏற வேண்டும். நுனியில் நிற்கிற சாம்பல் பாதி வழியில் உதிர்ந்தால் கை ஆடிவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் அடியிலிருந்து.

அடியில் போடும்போது தரையில் மல்லாக்கப் படுத்தேன். பக்கத்தில் போடும்போது ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி. மேலே வரும்போது முக்காலி மேல் ஏறினேன். ஏழுமலை முதல் நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கால்சட்டை மாற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமே இது? கோயிலுக்குப் போனாகூட இவ்ளோ ஊதுபத்தி ஏத்த மாட்ட."

"இது வேற கோயிலுய்யா. நீ போய் ஒலய வை."

அவர் உலை வைத்தார். அந்த மாதங்களில் ஞாயிறும் சாயங்காலமும் சமையல் அவர்தான். சாம்பார் என்று அவர் வைத்ததைச் சாம்பாரே நம்பியிருக்காது. ஆனாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டேன். பரீட்சை முடியும்வரை குறை சொல்வதில்லை என்று ஒரு ஒப்பந்தம்.

எதிர் பிளாட்டில் சரோஜாக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார். எங்கள் ஜன்னல் அவர் கடைக்கு நேரே தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர், பிறகு தாங்காமல் மேலே வந்துவிட்டார்.

"யம்மா தேவகி, நானும் தெனிக்கும் பாத்துகினுதான் கீறேன். அந்தப் பைப்ப சுத்திச் சுத்தி ஊதுபத்தி காட்டிகினு கீற. படுத்துகினு வேற காட்ற. இன்னா சாமிமா இது?"

எனக்குக் குறும்பு போகாது. "பைப்பு சாமிக்கா. ரொம்ப சக்தி. ஆனா ஒரு கண்டிஷன். சாமிய திருப்பக் கூடாது, நாமதான் சுத்தணும்."

அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் குழாயின் உச்சியில் மஞ்சள் குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கோட்டின் மேலேயே பூவைச் சுற்றிவிட்டார். ஏழுமலை சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டார். அப்புறம் உண்மையைச் சொன்னேன். சரோஜாக்காவுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

"அதனால இன்னா? உன் சோத்துக்கு வழி காட்னா அது சாமிதான். நீ பாஸாவு, நானே வந்து கற்பூரம் ஏத்தறேன்."

அதற்குப் பிறகு தினமும் ஜன்னலுக்குக் கீழே நின்று "சாம்பல் வுழுந்துச்சா?" என்று கேட்பார். விழவில்லை என்றால் எனக்கு ஒரு இட்லி சும்மா. விழுந்தால் சட்னி மட்டும்.

சாம்பல் விழாமல் அடியிலிருந்து உச்சிவரை போன அன்று, நானே போய் நாலு இட்லி கேட்டு வாங்கினேன்.

4. வளைத்துப் பார்ப்பது

இரண்டாவது முறை போனபோது அதே இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததுமே, "வாம்மா, இந்தத் தடவை புள்ளிக்கு நான் காவல் நிக்கட்டுமா?" என்றார்.

"நீங்க டீ குடிச்சிட்டு வாங்க சார். புள்ளி அங்கயே இருக்கும்."

முதலில் வாய்மொழிக் கேள்வி. ராடை ஏன் ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறோம் என்று கேட்டார். புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி பதில் இருக்கிறது, ராத்திரிதான் படித்தேன். அந்த நேரத்தில் அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. "ஈரம் ஏறினா அப்பளம் நமுத்துப் போற மாதிரி ராடும் நமுத்துப் போவும் சார். நமுத்த ராடுல போட்டா ஜாயிண்ட்டு உள்ள விரிசல் வுடும்," என்றேன். பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சரியாகச் சொன்னேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

குழாயை நான் திருப்பவில்லை. அடிப்பக்கம் பொறி விழுந்தது, விழட்டும் என்று விட்டேன். அன்று என் கை ஆடவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் போட்டு முடித்தால் பரீட்சை முடிந்ததாகாது. ஜாயிண்ட்டிலிருந்து நாலு பட்டைத் துண்டு அறுத்து, கிரைண்டிங் செய்து, பிரஸ்ஸில் வைத்து வளைப்பார்கள். துண்டு குதிரைக்கு அடிக்கிற லாடம் போல வளைய வேண்டும். வளைந்த முதுகில் வாய் பிளந்தால் ஃபெயில். வெளியே எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பதைப் பிரஸ் சொல்லிவிடும்.

முதல் துண்டு வளைந்தது. சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதும். நாலாவது துண்டை எடுத்த இன்ஸ்பெக்டர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முகம் மாறியது. முதுகில் மெல்லிசாக ஒரு கோடு.

"பூதக்கண்ணாடி எடுத்துட்டு வாப்பா."

பூதக்கண்ணாடி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏழுமலை அன்று ஆட்டோவை ஓட்டாமல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் இன்னொரு தடவை எப்படிப் போய்ச் சொல்வது என்பதுதான் மனசில் ஓடியது. மறுபடியும் பாஸ்கருடைய நம்பர். மறுபடியும் "பேப்பர் கீதாம்மா?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு கிரைண்டிங் செய்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்யா, இது உன் கிரைண்டிங் கோடு. ஒழுங்கா தேய்க்க மாட்டியா? ஒரு நிமிஷத்துல அந்தம்மாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கும்."

எனக்கு மட்டுமா? அவருக்கும் நெற்றியில் வேர்த்திருந்தது. வளைந்த துண்டை என் கையில் வைத்து, "பாஸ். அந்த அப்பளத்தை நானும் கிளாஸ்ல சொல்லப் போறேன்," என்றார்.

அன்று சாயங்காலம் ஏழுமலை எண்ணூர் போகிற ஒவ்வொரு டிரிப்பிலும் ஏறின ஒவ்வொரு ஆளுக்கும் என் பரீட்சையைச் சொன்னார். சரோஜாக்கா சொன்னபடியே வந்து கற்பூரம் ஏற்றினார். பிளாஸ்டிக் குழாய் ஒரு ஓரம் உருகிப் போனது.

5. அதே கை

சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கோதண்டம் மேஸ்திரியிடம் கொண்டுபோய் நீட்டினேன். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"ரொம்ப சந்தோசம்மா. நம்ம ஷெட்டுக்கே பெருமை."

"வெல்டர் கூலி போடுங்க மேஸ்திரி."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நேத்து நீ இன்னா வேல செஞ்ச?"

"வெல்டிங்."

"நாளைக்கு இன்னா செய்யப் போற?"

"வெல்டிங்."

"பாத்தியா? அதே வேல, அதே கை. கூலி மட்டும் இன்னாத்துக்கு மாறணும்?"

"அதே கைதான் மேஸ்திரி. அப்போ இத்தினி வருசமா பாதிக் கூலி இன்னாத்துக்குக் குடுத்தீங்க?"

ஷெட்டில் கிரைண்டர் சத்தம் நின்றுவிட்டது. பாஸ்கர் சிரிப்பை அடக்க முடியாமல் ஷீல்டை இறக்கி முகத்தை மூடிக்கொண்டார். மேஸ்திரியும் சிரித்தார். சிரித்தாரே ஒழிய கூலியைக் கூட்டவில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்று சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

இதை எழுதுவதற்குக் காரணமே இந்த இடம்தான். பேப்பர் வாங்கிவிட்டால் மறுநாளே கூலி ஏறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறாது. நம்மை ஹெல்ப்பராகவே பார்த்துப் பழகின கண்ணுக்கு நாம் ஹெல்ப்பர்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் முன்பு மாதிரி இல்லை. முன்பெல்லாம் கோபம் வந்தால் அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாது. இப்போது போவதற்கு இடம் இருந்தது.

பாஸ்கர்தான் வழி சொன்னார். "மணலில ஷட்டவுன் வருது. பீட்டர்னு ஒரு ஃபோர்மேன், வெல்டருக்குப் பேயா அலையறாரு. போய்ப் பாரு."

மேஸ்திரியிடம் நல்லபடியாகவே சொல்லிக்கொண்டு கிளம்பினேன். "ரெண்டு வாரத்துல வந்துருவ," என்றார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

6. முப்பத்தொண்ணு

ஷட்டவுன் என்றால் ஆலையை வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு, பழுதான குழாய், வால்வு எல்லாவற்றையும் மாற்றுவது. ஆலை நிற்கிற ஒவ்வொரு நாளும் கம்பெனிக்கு நஷ்டம் என்பதால் வேலை தலைதெறிக்க ஓடும். பல கான்ட்ராக்டர்கள் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். சர்டிபிகேட் உள்ள வெல்டருக்கு அந்த நேரத்தில் தனி மரியாதை.

பீட்டர் ஃபோர்மேன் என் சர்டிபிகேட்டை ஒரு நொடிதான் பார்த்தார். "நல்லது. இப்போ ஒரு ஜாயிண்ட் போட்டுக் காட்டுங்க," என்றார். இதையும் பரீட்சைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பேப்பர் நம்மை கம்பெனி கேட் வரைக்கும்தான் கொண்டுபோகும், கேட்டுக்கு உள்ளே மறுபடியும் கையைக் கேட்பார்கள். போட்டுக் காட்டினேன். அந்த ஜாயிண்ட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் கேட் பாஸில் "வெல்டர்" என்று போட்டு, ஒரு நம்பரும் கொடுத்தார்கள். முப்பத்தொன்று.

முதல் ஜாயிண்ட் முடித்து, சூடு ஆறினதும், மஞ்சள் மார்க்கரை எடுத்து 31 என்று எழுதினேன். எழுதிவிட்டு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொரு தடவை அதன் மேலேயே அழுத்தி எழுதினேன். சாயங்காலம் இறங்கிப் போகும்போது அந்தப் பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனேன். என்னமோ குழந்தை பெற்றவள் தொட்டிலை எட்டிப் பார்ப்பது போலப் போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் வாரக் கூலி வந்தபோது, பக்கத்தில் நின்ற ஆண் வெல்டருக்கு என்ன வந்ததோ அதுவே எனக்கும் வந்தது. தப்பாகக் கொடுத்துவிட்டார்களோ என்று போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர், "ஏங்க, வெல்டர்தானே நீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறேன், இது மாதிரி ருசியான ஒரு "ஆமாங்க" சொன்னதில்லை.

ரெண்டாவது வாரம்தான் வேடிக்கை. கோதண்டம் மேஸ்திரியும் அதே ஷட்டவுனில் ஒரு சின்ன கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். நீராவி லைனில் கொஞ்சம் ஜாயிண்ட். அந்த நேரம் பார்த்து பாஸ்கர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். வேறு வெல்டர் இல்லை. மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு பீட்டர் ஃபோர்மேனைத் தேடி எங்கள் பக்கம் வந்தார். நான் மேலே சாரத்தில் ஷீல்டு, கவரால் அங்கி, கையுறை என்று முழுசாக மூடிக்கொண்டு வேலையில் இருந்தேன். என்னைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

கீழே அவர் என் ஜாயிண்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாகப் போட்ட ஜாயிண்ட் மேல் அவருக்குப் பைத்தியம், அதை மறுக்க முடியாது.

"பீட்டரு, யாருப்பா இந்த முப்பத்தொண்ணு? இன்னாமா போட்டுகீறான்! இவன எனக்குக் கொஞ்ச நாளைக்குக் குடுப்பா."

பீட்டர் ஃபோர்மேனுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும். டீ நேரத்தில் நானே சொன்னதுதான். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"குடுக்கலாம் மேஸ்திரி. ஆனா வெல்டர் ரேட்டுக்குக் கம்மியா வராது."

"குடுக்கறேன்பா!"

"ஷட்டவுன் முடிஞ்சு உங்க ஷெட்டுக்கு வந்தாலும் அதே ரேட்டு கேக்கும்."

"குடுக்கறேன்னு சொல்றேன்ல? இப்டி ஒரு கை கெடச்சா நான் உடுவேனா? இத்தினி பேரு கீறாங்க, எல்லாரும் சாட்சி. கோதண்டம் சொன்னா சொன்னதுதான்."

"அப்போ மேல இருக்கறது முப்பத்தொண்ணுதான். நீங்களே பேசிக்குங்க."

மேஸ்திரி இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூவினார். "அண்ணே! முப்பத்தொண்ணு அண்ணே! கொஞ்சம் கீழ பாருங்கண்ணே!"

ஷீல்டைத் தூக்கினேன்.

"இன்னா மேஸ்திரி?"

மேஸ்திரி குவித்த கையைக் கீழே போட்டார். அப்புறம் பக்கத்தில் கிடந்த கேபிள் டிரம் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சாரத்தில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி! நீயா? நான் பாட்டுக்கு அண்ணே அண்ணேன்றேன்!"

"ரேட்டு, மேஸ்திரி?"

"சொன்னது சொன்னதுதான்மா. பேச்சு மாறினா பீட்டரு என்ன இங்கயே வெல்ட் வெச்சுருவாரு."

நான் இறங்கவில்லை. "இன்னொண்ணு கீது. நம்ம ஷெட்ல இனிமே ஜாயிண்ட் போட்டவங்க நம்பரத்தான் எழுதணும். அடுத்தவங்க நம்பர் கூடாது."

"நம்பரு இல்லாதவங்க?"

"பரீட்சைக்கு அனுப்புங்க. போற நாளுக்கு கூலிய பிடிக்காதீங்க."

அவர் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா. எறங்கு மொதல்ல, கழுத்து வலிக்குது," என்றார்.

சொன்னபடி செய்தார். அவரைப் பற்றி நல்லதும் எழுத வேண்டுமல்லவா? இன்றைக்கு அந்த ஷெட்டில் நான் ஃபோர்மேன். ஹெல்ப்பராக வந்தவர்களில் மூன்று பேர் பரீட்சை எழுதித் தேறி, மூன்று பேரும் வெல்டர் கூலி வாங்குகிறார்கள். அதில் ஒருத்தி என்னைவிட மூத்தவள்.

இந்த வயதில் பரீட்சை எழுதினால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் படிப்புக்கு வயதில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வயது உண்டு. முட்டி வலிக்கும், கண் எரியும், முதல் தடவை தோற்றால் சின்னப் பிள்ளைகளைவிட ஜாஸ்தியாக வெட்கமாக இருக்கும். இருந்தாலும் போங்கள். கோதண்டம் மேஸ்திரி பன்னிரண்டு வருஷம் என் முகத்தைப் பார்த்தே கூலி போட்டார். ஒரே ஒரு நாள் முகம் தெரியாமல் ஜாயிண்ட்டை மட்டும் பார்த்தார், அன்றைக்குத்தான் சரியான கூலி சொன்னார். முகத்தை மறைத்துவிட்டு வேலையை முன்னால் நிறுத்த எனக்கு ஒரு நம்பர் தேவைப்பட்டது. அந்த நம்பரைக் கொடுத்தது பரீட்சை. கூலியை நான்தான் கேட்டு வாங்கினேன். நீங்களும் வாய் விட்டுக் கேளுங்கள்.